பச்சை ஓட்டையின் கதை

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் மாட்டுவது எப்படி என்று கேட்டால், "பச்சை ஓட்டையில் பின்னைச் சொருகு" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வரி தெரியாமல் எனக்கு முழுசாக இரண்டு நாள் வீணாய்ப் போனது.

2020. நான் பத்தாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்த நேரம். எங்கள் வீடு மூலக்கொத்தளம் (வெளியூர் நண்பர்களுக்கு: மொழிப்போர் தியாகிகள் நடராசன், தாளமுத்து நினைவிடம் இருக்கிற ஊர் என்றால் தெரியும்). எங்கள் மாடியில் நானும் பக்கத்து வீட்டுப் பசங்க மூன்று பேரும் ஒரே செல்போனில் தலையை முட்டிக்கொண்டு பாடம் கேட்பதைப் பார்த்து, அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. தனியாக இரண்டு டப்பா ஸ்பீக்கர் கொடுத்தார்கள். பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் மூன்று ஓட்டை. ரோஸ், நீலம், பச்சை. நான் சொருகியது ரோஸ். படம் வருகிறது, டீச்சர் வாய் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டோம்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். அவர் சவுண்ட் சர்வீஸில் வேலை பார்ப்பவர். கல்யாணம், கோவில் திருவிழா எல்லாம் நின்றுபோய் சும்மா இருந்த நேரம். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "இன்னாடா, மைக் ஓட்டையில சொருவிக்கினு சத்தம் வர்லேன்ற?" என்றார். பிடுங்கி பச்சையில் மாற்றினார். டீச்சர் குரல் வீடு முழுக்கக் கேட்டது. போகும்போது ஒன்று சொன்னார். "இந்தப் பின்னு கம்ப்யூட்டர்காரன் கண்டுபுடிச்சதுனு நெனச்சியா? அதுக்கு முன்னாடியே எங்க கையில இருந்துதுடா."

அது உண்மைதானா என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. மாமா சொன்னது உண்மைதான். இன்னும் சொல்லப்போனால், மாமா பிறப்பதற்கு எழுபது எண்பது வருஷம் முன்னாடியே அது வந்துவிட்டது.

கதை டெலிபோனில் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்தில் நீங்கள் போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்தான் பேசுவார். நீங்கள் கேட்கிற ஆளின் இணைப்புக்கு உரிய துளையில் ஒரு வயரைச் சொருகி இரண்டு பேரையும் சேர்த்துவிடுவார். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொருகிப் பிடுங்க வேண்டும். அதனால் திருகு வேண்டாம், முடிச்சு வேண்டாம், தள்ளினால் போக வேண்டும், இழுத்தால் வர வேண்டும். அதற்காக உருவானதுதான் கால் அங்குல, அதாவது 6.35 மி.மீ. தடிமன் உள்ள பின். அமெரிக்காவில் 1878ல் முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் வந்தது. மூன்றே வருஷத்தில், 1881ல், நம்ம ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டி தெருவில் 17 இணைப்புகளோடு சென்னையின் எக்ஸ்சேஞ்ச் ஆரம்பமானது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மாமாவின் ஆம்ப்ளிஃபயரில் மைக் சொருகுகிற பெரிய பின் இருக்கிறதே, அது அந்த டெலிபோன் பின் வம்சம்தான்!

அடுத்து ஸ்பீக்கர். இன்றைக்கு நம் மேஜையில் இருக்கிற டப்பாவுக்குள் ஒரு காந்தம், அதற்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது அது முன்னும் பின்னும் ஆடும், கூம்பும் கூடவே ஆடும், காற்று அதிரும், நமக்குச் சத்தம். இந்த அமைப்பை ஒழுங்குபடுத்தி 1925ல் வெளியிட்டவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை செய்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர். கிட்டத்தட்ட நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை.

அதே காலத்தில் சென்னையிலும் சத்தம் பெருகியது. 1924ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்தான் இங்கே ஒலிபரப்புக்குப் பிள்ளையார் சுழி. பணம் இல்லாமல் 1927ல் நின்றுபோனது. அந்தக் கருவியை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930ல் தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கி, 1938ல் அகில இந்திய வானொலி வரும்வரை நடத்தியது. வீட்டில் ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்களுக்காக மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊரில் ஸ்பீக்கர் முதலில் வந்தது ஒரு ஆள் கேட்பதற்காக அல்ல, பல பேர் சேர்ந்து கேட்பதற்காக. கூடி நின்று கேட்கிற பழக்கம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் நின்று திமுக தொடக்கக் கூட்டத்தைக் கேட்டவர்களும் எங்கள் பக்கத்து ஜனங்கள்தானே.

பெரிய பின் எப்படிச் சின்னதானது? 1950களில் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. சட்டைப்பையில் வைக்கிற ரேடியோவில் டெலிபோன் பின்னைச் சொருகினால் ரேடியோவை விடப் பின் பெரிதாக இருக்கும் :-) அதனால் அதையே சுருக்கி 3.5 மி.மீ. ஆக்கினார்கள். 1979ல் சோனி வாக்மேன் வந்த பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் ஸ்பீக்கர் பின்னை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடுகள் உலோகத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனி இடது பக்க ஸ்பீக்கருக்கு, நடுவளையம் வலது பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். ஒரே பின்னில் ஸ்டீரியோ வருகிற ரகசியம் இவ்வளவுதான். வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸுக்கு ஏகப்பட்ட வரி இருந்த அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் வாக்மேன் தேடிப் போன இடம் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969ல் உருவான கடைத்தெரு அது.

இவ்வளவுக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் கதைக்குள் வருகிறது. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்குள் இரண்டேகால் அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. "பீப்" என்று கத்தும், அவ்வளவுதான். வெளியே ஸ்பீக்கர் மாட்ட வழி இல்லை. கம்ப்யூட்டர் என்பது ஆபீஸில் கணக்குப் பார்க்கிற மெஷின், அதற்கு எதற்குப் பாட்டு என்று நினைத்தார்கள் (எங்கள் காமர்ஸ் டிபார்ட்மென்டில் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள்).

அதை மாற்றியதில் பெரிய பங்கு ஒரு சிங்கப்பூர்க்காரருக்கு. சிம் வோங் ஹூ 1981ல் ஆரம்பித்தது ஒரு சின்ன கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பெயர் கிரியேட்டிவ். அங்கிருந்து 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டை வந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் பின்பக்கம் ஒரு 3.5 மி.மீ. ஓட்டை கிடைக்கும். வாக்மேன் ஹெட்போனோ ஸ்பீக்கரோ அப்படியே பொருந்தும். புதிதாக ஒரு பின் கண்டுபிடிக்காமல் ஊரில் ஏற்கெனவே இருந்ததையே பயன்படுத்தியதுதான் இதில் அழகு. முதல் அட்டை 8 பிட், மோனோ. 1992ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 சி.டி. தரத்தில் ஸ்டீரியோ கொடுத்தது. சிம் 2023 ஜனவரியில் காலமானார். நம் ரிச்சி தெருவில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு அண்ணனும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அவருடையது.

ஆரம்பத்தில் எல்லா ஓட்டையும் ஒரே நிறம். எது மைக், எது ஸ்பீக்கர் என்று பொடி எழுத்தைப் படித்துத் தடவித் தடவித்தான் சொருக வேண்டும். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பி.சி. 99 விதிகள்தான் ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ், வெளியிலிருந்து வரும் ஒலிக்கு இளநீலம் என்று நிறம் ஒதுக்கின. 1997ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.சி. 97 முறைக்குப் பிறகு ஒலி மதர்போர்டிலேயே வர ஆரம்பித்தது. தனியாக அட்டை வாங்கும் செலவு மிச்சம். அதே 1997ல் சென்னையில் தொடங்கிய ஜீப்ரானிக்ஸ் முதல் டெல்லி கம்பெனிகள் வரை மலிவு ஸ்பீக்கரில் இறங்கினார்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரோடு இரண்டு டப்பா ஸ்பீக்கர் என்பது வழக்கமாகிவிட்டது.

நடுவில் கொஞ்சம் உபயோகமான விஷயம். பச்சை ஓட்டையிலிருந்து வருவது மிகச் சின்ன சிக்னல். ஹெட்போனுக்குப் போதும், பெரிய ஸ்பீக்கரை ஆட்டப் போதாது. அதனால்தான் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். இரண்டு டப்பாவில் ஒன்றுக்குள் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், இன்னொன்று அதிலிருந்து வயர் வாங்கிக்கொள்ளும். "உம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வேறு வேறு பிளக்கில் இருந்து எர்த் வித்தியாசப்படுவதுதான் காரணம். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். போன் அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் "டிட்டிட் டிட்டிட்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 2ஜி போன் வினாடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும். ஸ்பீக்கர் வயர் அதற்கு ஏரியலாகிவிடும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை.

இப்போது காமர்ஸ் மாணவனாக ஒரு வார்த்தை. இந்த 3.5 மி.மீ. ஓட்டை இன்று யாருக்கும் சொந்தமில்லை. இதற்காக யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டாம். சோல்டரிங் அயர்ன் இருந்தால் தெருமுனைக் கடைக்காரரே அறுந்த பின்னை மாற்றிக் கொடுப்பார். 2016ல் ஐபோன் 7 இந்த ஓட்டையை எடுத்துவிட்டது, பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக. புளூடூத் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முத்திரையோடு பொருள் விற்க அதன் கூட்டமைப்பில் சேர வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். வாங்குகிற நாம் சார்ஜ் போட வேண்டும். பல இயர்பட்ஸில் பேட்டரி செத்தால் குப்பைதான். ஒரு வயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எத்தனை செலவு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பரீட்சை நெருங்கிய சமயத்தில் அந்த டப்பா ஸ்பீக்கரும் செத்துப்போனது. மாமா, வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்த தன் ஆம்ப்ளிஃபயரையும் ஒரு பெரிய பாக்ஸையும் படியேற்றிக் கொண்டுவந்தார். ஒரு முனையில் சின்ன பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின் உள்ள வயர். சின்னதைப் பச்சையில் சொருகினார், மற்ற இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து மெதுவாகத் திருப்பினார். அன்றைக்கு வட்டங்கள் பாடம் நால்வருக்கு மட்டுமில்லை, தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து, "எந்தக் கோயில்லபா திருவிழா?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கணக்கு கேட்டார்.

இயர்போன் ஒருத்தருக்கு. ஸ்பீக்கர் எல்லாருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்பீக்கர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பச்சை ஓட்டை இன்னும் இருக்கிறது.