களஞ்சியத்தில் கழிந்த காலம்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்துப் பிசிபி கழிவின் வரலாறு

இலங்கையில் பிசிபி (பொலிகுளோரினேற்றிய பைபினைல் எனும் நச்சு வேதிப்பொருள்) கழிவின் வரலாற்றை எழுத முனையும் எவரும், கோரே ஹெல்கே கார்ஸ்டென்சனும் அவருடன் பணிசெய்த இலங்கை ஆய்வாளர்களும் 2010-இல் 'கெமோஸ்பியர்' இதழில் வெளியிட்ட கட்டுரையை எதிர்கொண்டே ஆக வேண்டும். பிசிபி எண்ணெயை உள்ளூர்ச் சீமெந்துச் சூளையில் எரித்து, வெளியேறியதை அளந்த ஆய்வு அது. அழிப்புத்திறன் 99.9999 சதவீதத்துக்கும் மேல். டயொக்சின், ஃபியூரன் ஆகிய நச்சுகள் அதனால் புதிதாக உருவாகவில்லை. இந்த அளவீடுகளில் எனக்கு ஐயமில்லை. அவை இட்டுச்செல்லும் வரலாற்று வாசிப்பையே மறுக்கிறேன். இறக்குமதி, கணக்கெடுப்பு, அழிப்பு என மூன்று கட்டங்கள். மூன்றாவதற்கும் வழி பிறந்துவிட்டது என்பது அந்த வாசிப்பு. கணக்கெடுப்புக்கும் அழிப்புக்கும் நடுவே கழிவு எங்கே, எந்த நிலையில் கிடந்தது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. மாவட்டங்களைப் பொறுத்தவரை பிசிபி கழிவின் வரலாறு பெரும்பாலும் அந்த நடுக்காலத்தின் வரலாறே என்பது என் வாதம்.

முதலில், சூளையில் எரிந்தது எண்ணெய். எண்ணெய் திரவம், குழாய்வழி சுடருக்குள் செலுத்தலாம். எண்ணெய் வடித்த மின்மாற்றியின் உள்ளகம், செப்புச் சுருளைச் சுற்றிய காகிதம், மரத்துண்டுகள், மூடி அடைத்த மின்தேக்கிகள், கசிவு ஊறிய மண் ஆகியவற்றை அப்படிச் செலுத்த முடியாது. வடித்த பிறகும் காகிதமும் மரமும் எண்ணெயை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஆகவே சூளை எவ்வளவு திறமையாக எரித்தாலும் திண்மக் கழிவு களஞ்சியத்திலேயே மிஞ்சும்.

இரண்டாவது, 'உள்ளூர்' என்ற சொல்லுக்குத் தேசிய அளவில் உள்ள பொருள் திருகோணமலையில் இல்லை. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990-இல் நின்றுபோன பிறகு, நாட்டில் கிளிங்கர் (அரைத்தால் சீமெந்தாகும் சுட்ட கட்டி) சுடும் சூளை புத்தளத்தில் மட்டுமே. திருகோணமலையிலும் பெரிய சீமெந்து ஆலை உண்டு. ஆனால் 1982-இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் அந்த ஆலை, கப்பலில் வரும் கிளிங்கரை அரைப்பது. அங்கே சூளை இல்லை. புத்தளத்தையும் திருகோணமலையையும் இணைப்பது ஏ-12 நெடுஞ்சாலை. அநுராதபுரம், மிகிந்தலை, ஹொரவப்பொத்தானை, பன்குளம் வழியாக, குடிக்கவும் பயிர்செய்யவும் குளத்து நீரை நம்பியிருக்கும் ஊர்களூடாக அது செல்கிறது. கப்பலேற்றி வெளிநாட்டு எரியுலைக்கு அனுப்புவதானாலும், திருகோணமலை பெரும்பாலும் மொத்தச் சரக்குத் துறைமுகம். கொள்கலன்கள் புறப்படுவது கொழும்பிலிருந்து. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை அருகில் வைத்திருந்தும் இம்மாவட்டத்தின் கழிவு நாட்டைக் குறுக்கே கடந்தே வெளியேற வேண்டும். அதுவரை அது தங்கியிருக்கும் இடம் பாதுகாப்பானதாக இருந்தாக வேண்டும்.

இனிச் சான்று. மின்மாற்றி ஒவ்வொன்றும் தன் உடலில் ஒரு சிறு சாசனத்தைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப்பலகை எனப்படும் அந்த உலோகத் தகட்டில் தயாரித்தவர், ஆண்டு, வலு, எண்ணெயின் எடை ஆகியவற்றோடு குளிர்விக்கும் முறையைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் இருக்கும். பெரும்பாலானவற்றில் அது 'ஓ-என்-ஏ-என்'. அரிதாகக் காணும் வேறுபாடு 'எல்-என்-ஏ-என்'. முதலெழுத்தான 'ஓ' கனிம எண்ணெயைக் குறிக்கும். பழைய சர்வதேசத் தர வரையறையில் 'எல்' என்பது தீப்பற்றாத செயற்கைத் திரவம். 1970களிலும் அதற்கு முன்னும் அந்த இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் பிசிபி கலந்த அஸ்கரல் வகைகளே. ஆரோகுளோர், பைரனோல், குளோபென் என்ற வணிகப் பெயர்களும் சில தகடுகளில் நேரடியாகவே பொறிக்கப்பட்டன. கட்டிடத்துக்குள்ளோ கப்பல்துறையிலோ தீயபாயம் மிக்க இடங்களில் இத்தகைய மின்மாற்றியை வைப்பதே அன்று பொறுப்பான பொறியியலாகக் கருதப்பட்டது.

தகட்டை மட்டும் படிக்கும் கணக்கெடுப்பு 'எல்' என்றிருப்பதைப் பிடித்து 'ஓ' என்றிருப்பதை விட்டுவிடும். நான் வலியுறுத்த விரும்புவது இதையே. தகடு சொல்வது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் உண்மையை. அதன் பிறகு அந்த மின்மாற்றிக்குப் பராமரிப்பின்போது எண்ணெய் நிரப்பப்பட்டிருக்கும்; ஒரே வடிகட்டும் இயந்திரம் பல மின்மாற்றிகளைச் சுற்றி வந்திருக்கும். நீடித்து நிலைக்கும் கரிம மாசுகள் பற்றிய ஸ்டொக்ஹோம் சமவாயம் குறிக்கும் கீழெல்லை 0.005 சதவீதம், அதாவது கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராம். 200 லீற்றர் பீப்பாயில் கனிம எண்ணெய் ஏறத்தாழ 176 கிலோ எடையிருக்கும். அதை அந்த எல்லைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 9 கிராம் பிசிபி போதும்; அஸ்கரலின் அடர்த்தியில் அது 6 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டியைச் சற்று மிஞ்சும். இயந்திரத்தின் குழாயில் தங்கிய மிச்சமே அதற்குப் போதுமானது. எனவே 'ஓ' என்ற எழுத்து எதையும் நிரூபிக்காது. எண்ணெய் எந்த ஆண்டில் மாசுபட்டது என்பதையும் தகட்டால் சொல்ல இயலாது. தயாரிப்பாண்டைக் கீழ்வரம்பாகக் கொள்ளலாம். மேல்வரம்பைத் துணிந்து இட எனக்கு ஆதாரமில்லை. ஐக்கிய அமெரிக்கா 1979-இல் பிசிபி உற்பத்தியைத் தடைசெய்தது உண்மை. அதைக் கொண்டு ஓர் இலங்கை மின்மாற்றிக்குக் காலம் குறிப்பது பிழையான முறை.

மாசு பரவும் இன்னொரு வழி கழித்த எண்ணெய். அது சிறு ஒட்டுப்பட்டறைகளில் வெல்டிங் இயந்திரத்தைக் குளிர்விக்கப் பயன்படுவது இலங்கையில் அறியப்பட்ட வழக்கம். பூட்டில்லாத முற்றத்தில் கிடக்கும் எண்ணெய்க்கு எப்போதும் வாங்குவோர் உண்டு. களஞ்சியத்தின் முதல் கடமை இந்த விற்பனையை நிறுத்துவது என்பேன். பராமரிப்பு, சேவைப் பணிகளுக்குத் தவிர, பிசிபி 0.005 சதவீதத்துக்கு மேற்பட்ட திரவத்தை வேறு கருவியில் மறுபயன்பாட்டுக்காக மீட்கக் கூடாதென்று சமவாயமும் விதிக்கிறது.

இரண்டாம் கடமை மழையைத் தடுப்பது. வடகீழ்ப் பருவமழை திருகோணமலையில் நவம்பர், டிசம்பரில் உச்சம் கொள்ளும். 1964 டிசம்பரின் புயலும் 2020 டிசம்பரின் புரேவியும் இக்கரையைத் தாக்கின. 2004-இன் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர்க் கரைகளில் ஏறியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கனிம எண்ணெய் நீரில் மிதக்கும். அஸ்கரல் நீரைப்போல் ஒன்றரை மடங்கு கனம், அடியில் படியும். மிதக்கும் எண்ணெயைப் பிரிக்கும் பொறி அதை வெளியே விட்டுவிடும். ஆகையால் கூரை, நீர்புகாத தளம், சுற்றுத்தடுப்பு ஆகியவற்றோடு தளத்தில் வடிகால் துளையே இருக்கக் கூடாது. அமெரிக்க விதிகள் தடுப்பின் கொள்ளளவை மிகப்பெரிய கருவியின் கொள்ளளவில் இருமடங்கு அல்லது மொத்த இருப்பில் 25 சதவீதம், இவற்றில் பெரியது என நிர்ணயிக்கின்றன. 30 நாளுக்கொரு முறை சோதனையும் கோருகின்றன. கடற்கரையில் துருவும் சேரும் என்பதால் அந்த இடைவெளியும் இங்கே நீண்டதாகத் தோன்றுகிறது. உப்புப் பட்ட மாதிரி குளோரின் அடிப்படையிலான களச்சோதனையில் தவறான நேர்முடிவைத் தரலாம் என்பதையும் சோதிப்போர் மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1980-இன் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008-இல் வந்த ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்திய கழிவைக் களஞ்சியப்படுத்துவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும் என்கின்றன. 2005-இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் 6-ஆம் உறுப்புரை, சேகரித்தல், கொண்டுசெல்லல், களஞ்சியப்படுத்தல் ஆகியவற்றை ஓர் உட்பிரிவிலும் அழித்தலை அடுத்ததிலும் வைக்கிறது. அழிப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வாசிப்பு இந்தப் பகுப்பையே கவனிக்கத் தவறுகிறது.

மீண்டும் சான்றுக்கு வந்தால், அது மெலிந்த காலம் பிரித்தானியக் கடற்படைக் காலம். பிசிபி வணிக உற்பத்தி தொடங்கியது 1929-இல்; பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்தது 1957 அக்டோபர் 15-இல். இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் கப்பல் கேபிள்களும் வண்ணப்பூச்சுகளும் மின்கருவிகளும் பிசிபி பயன்பட்ட பொருள்வகைகளே. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை இதோடு குழப்பலாகாது: அவற்றில் இருந்தது எரிபொருள், ஐயம் அவற்றைச் சுற்றிய மின்கருவிகள் மீது. தகடு எஞ்சவில்லை என்பதால் மாசு இல்லை என்று கொள்வதை நான் ஏற்கவில்லை. பழைய பட்டறை நிலங்களின் மண், சோதனை மறுக்கும்வரை ஐயத்துக்குரியதாகவே பதியப்பட வேண்டும். இதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. ஆய்வின் தொடக்க நிலைப்பாடாக வலியுறுத்துகிறேன்.

பிசிபி கழிவைச் சூழலுக்குக் கேடில்லாமல் கையாள உலகுக்கு இட்ட கெடு 2028. அதற்குள் ஒவ்வொரு பீப்பாய்க்கும் எங்கிருந்து வந்தது, எப்போது சோதிக்கப்பட்டது, செறிவு என்ன, யார் பொறுப்பு என்ற நான்கு தகவல்களாவது மாவட்டக் களஞ்சியத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாமல் புத்தளத்துச் சூளைக்கு எதை அனுப்புவது என்பதைக்கூட எவராலும் தீர்மானிக்க முடியாது.