எம். ஆர். ராதாவும் 1954 நாடகச் சட்டமும்

நடிகவேள் எம். ஆர். ராதா (1907–1979) தமிழ் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் நகைச்சுவை, வில்லன் வேடங்களில் புகழ்பெற்றவர். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளை நாடகத்தின் வழியே பரப்பியவர். அவருடைய கேலியைத் தடுக்கவே சென்னை மாகாண அரசு 1954-இல் தனிச்சட்டம் இயற்றியது என்று சொல்லப்படுவதுண்டு.

கேலியால் பிறந்த முதல் சட்டம்

புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் போன்ற நாடகங்களைப் பார்த்தவர்களுக்குப் பபூன் வேடம் தெரியும். ஊர் நடப்பையும் பெரிய மனிதர்களையும் கிண்டல் செய்யும் உரிமை அவருக்கு உண்டு. அந்தக் கிண்டல் அதிகாரத்தைத் தொடும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது.

1876-இல் கல்கத்தாவில் ஒரு வங்காள நாடகக் குழு, வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஒரு வழக்கறிஞரை நையாண்டி செய்து நாடகம் போட்டது. ஆங்கில அரசு முதலில் அவசரச் சட்டமும், அதே ஆண்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டமும் கொண்டுவந்தது. நாட்டுப்பற்றைத் தூண்டிய நாடகங்களைப் பின்னாளில் தடை செய்யவும் இச்சட்டம் பயன்பட்டது.

ராதாவின் மேடை

சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்த ராதா, பின்னர் சொந்தக் குழு நடத்தினார். இரத்தக்கண்ணீர், தூக்குமேடை, இலட்சுமிகாந்தன் ஆகியவை அவர் நடித்த நாடகங்களில் குறிப்பிடத்தக்கவை. எழுதிக் கொடுத்த வசனத்தோடு அவர் நிற்பதில்லை. அன்றைய செய்தித்தாளில் வந்த செய்தியை மேடையிலேயே விமர்சிப்பார். கூட்டத்தில் எழும் குரலுக்குச் சுடச்சுடப் பதில் சொல்வார்.

அவருடைய இராமாயண நாடகம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மனம் புண்படும் என்று கருதுபவர்கள் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்ததாகச் சொல்வர். தடைகளும் வழக்குகளும் கைதுகளும் தொடர்ந்தன. ஒரு பெயரில் தடை செய்யப்பட்ட நாடகத்தை வேறு பெயரில் நடத்துவதும் அவர் கையாண்ட வழி.

1954-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தப் பின்னணியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது புதிய நாடகச் சட்டம் வந்தது. ஆட்சேபத்துக்குரியது என்று கருதும் நாடகத்தைத் தடை செய்யவும், நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் இது அரசுக்கு அதிகாரம் அளித்தது. மத உணர்வைப் புண்படுத்துதல், ஆபாசம், வன்முறையைத் தூண்டுதல் ஆகியவை இதில் அடங்கும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்டது தாளில் இருக்கும் வசனத்தை. ராதாவின் கேலியில் பாதி, தாளில் இல்லை. அன்றைய மேடையில் பிறந்தது. ஆகவே பிரதியைத் திருத்தி அவரைக் கட்டுப்படுத்த முடியாது. நாடகத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. (1967-இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் ராதா சிறை சென்றது இதனோடு தொடர்பில்லாதது.)

பிற நாட்டில்

நகைச்சுவைக் கலைஞரைச் சட்டம் துரத்துவது நம் ஊரில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவில் கஞ்சாப் பழக்கத்தை வைத்து நகைச்சுவைப் படங்கள் எடுத்த டாமி சோங், போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது 2003-இல் வழக்கில் சிக்கினார். அவருடைய குடும்ப நிறுவனம் கஞ்சா புகைக்கும் கண்ணாடிக் குழாய்களை விற்றது என்பதே குற்றச்சாட்டு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 9 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். தண்டனையை வலியுறுத்திய அரசுத் தரப்பு, அவருடைய படங்கள் சட்ட அமலாக்கத்தைக் கேலி செய்ததையும் எடுத்துக்காட்டியது. குற்றம் குழாய் விற்றது. ஆனால் நகைச்சுவையும் கணக்கில் சேர்ந்தது.

சட்டத்தின் முடிவு

ராதா 1979 செப்டம்பர் 17-இல் திருச்சிராப்பள்ளியில் காலமானார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சட்டம் நடைமுறையில் இருந்தது. பத்திரிகையாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது.

இரத்தக்கண்ணீர் 1954-இல் திரைப்படமானதால் ராதாவின் குரலையும் நடிப்பையும் இன்றும் காண்கிறோம். இராமாயண நாடகத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு தடை அன்றைய பார்வையாளரை மட்டும் தடுப்பதில்லை. பின்வரும் தலைமுறை தானே பார்த்து, ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்யும் வாய்ப்பையும் எடுத்துக்கொள்கிறது. ராதாவின் கருத்தை ஏற்காதவர்களுக்கும் இது இழப்புதான்.