சிறு மோட்டார் சைக்கிளில் காற்றும் அதிர்வும்

100 முதல் 350 சிசி வரையுள்ள ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவரைக் களைக்க வைப்பவை இரண்டு: எதிரே மோதும் காற்று, அடியிலிருந்து ஏறும் என்ஜின் அதிர்வு. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும். காற்று வண்டியை அலைக்கழிக்கும்போது ஓட்டுகிறவர் ஹேண்டிலை இறுகப் பற்றுகிறார்; பிடி இறுக இறுக, அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அதிர்வின் தோற்றம்

ஹீரோ ஸ்பிளெண்டரின் 97.2 சிசி என்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 49.5 மி.மீ. நகர்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். மேல்முனையில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடுகிறது. அந்த உதைப்பே சட்டகம் வழியாக ஹேண்டிலுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் வந்து சேர்கிறது. சுற்று இரட்டித்தால் உதைப்பு நான்கு மடங்காகும்.

இதை ஈடுகட்ட கிராங்க் தண்டில் எதிர் எடை வைப்பது பழைய முறை. முழுவதும் ஈடுகட்டினால் மேல்-கீழ் அதிர்வு போய் முன்-பின் அதிர்வு வந்துவிடும். எனவே ஏறக்குறைய பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதியைத் தீர்ப்பது சமநிலைத் தண்டு. கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழன்று, எஞ்சிய விசையை அது அடக்குகிறது. ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளில் இத்தண்டு 2020இல் மீட்டியோரோடு வந்தது. 2021இல் கிளாசிக்கும் 2023இல் புல்லட்டும் அதே என்ஜினுக்கு மாறின. பழைய புல்லட்டை ஓட்டிய கைகளுக்கு அந்த வேறுபாடு உடனே புரியும்.

காற்றின் விசை

காற்றுத்தடையும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடுகிறது. 40 கி.மீ. வேகம் 80 ஆனால் தடை நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கி.மீ. காற்று வீசினால், வண்டி 90 கி.மீ. காற்றைச் சந்திக்கிறது. ஏறத்தாழ 8 குதிரைத்திறன் மட்டுமே உள்ள ஸ்பிளெண்டர் அங்கே திணறுவது இயல்பு.

எதிர்க்காற்றைவிடப் பக்கக்காற்று ஆபத்தானது. ஸ்பிளெண்டரின் எடை சுமார் 112 கிலோதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று குறுகிப் பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை காவல்கிணறு–நாகர்கோவில் சாலையில் பைக்குகளைப் பக்கவாட்டில் தள்ளுவதும் அதே காற்றுதான். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று அடங்கும்; முன்பக்கத்தைத் தாண்டியதும் மொத்தமாக வந்து அறையும். அந்த நொடிக்கு முன்பே இடைவெளி விட்டு ஓட்டுவது அவசியம்.

உடலில் விளைவு

1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானாவின் பெட்ஃபோர்டில் காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். பைக் ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வருவது, இறங்கிய பின் சிறிது நேரத்தில் தீரும் மரப்பு. ஆயினும் அதிர்வும் குளிர்காற்றும் விரலின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவையே. மரப்பு நீங்காமல் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவதால் காதடைப்பானும் தேவை.

செல்பேசியும் தப்புவதில்லை. மோட்டார் சைக்கிள் என்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவின் உறுதிப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது.

தணிக்கும் வழிகள்

முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும். என்ஜின் மவுண்ட் போல்ட் தளர்வு, செயின் தொய்வு, தேய்ந்த ஃபுட்ரெஸ்ட் ரப்பர், டயர் காற்று, கோன் செட் ஆகிய ஐந்தையும் சரிசெய்தாலே பல வண்டிகளில் அதிர்வு கணிசமாகக் குறைகிறது. ஹேண்டில் முனைகளில் எடை பொருத்தினால் அதன் இயல்பதிர்வெண் இறங்கி, வழக்கமாகப் போகும் வேகத்தில் எழும் கூச்சம் விலகும்.

அடுத்தது உட்காரும் முறை. முழங்காலால் டேங்கை அணைத்து, முழங்கையைத் தளர்த்தி, விரல்களால் இலேசாகப் பிடித்தால் பக்கக்காற்று வண்டியை ஆட்டினாலும் அந்த ஆட்டம் ஹேண்டிலுக்குப் போகாது. படபடக்கும் மழைக்கோட்டுக்குப் பதில் உடலோடு ஒட்டிய ஜாக்கெட் அணியலாம்; சுமையைத் தாழ்வாகக் கட்டலாம். முன்கண்ணாடி பொருத்துகிறவர் அதன் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல்காற்று தலையில் அடிக்காத உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவே இல்லாத வழி வேகத்தைக் குறைப்பது. அதே கியரில் 80இலிருந்து 70 கி.மீ.க்கு இறங்கினால் காற்றுத்தடையும் பிஸ்டன் உதைப்பும் தலா 23 சதவீதம் குறைகின்றன, 100 கி.மீ. பயணத்தில் அதனால் கூடும் நேரம் 11 நிமிடத்துக்கும் குறைவு.