அக்காவின் முதுகும் சென்னை ஆய்வும்

மலர்க்குழுவினர் "உங்க ஊர் தேவாலாவைப் பற்றி ஏதாவது சரித்திரம் எழுதுங்க சார்" என்றார்கள். தேவாலா என்றாலே 1880 வாக்கில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தோண்ட வந்த கதைதான். அதை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் என் அக்காவின் முதுகைப் பற்றி எழுதுகிறேன்.

1966இல் அக்காவுக்கு ஒன்பது வயது. நடு முதுகில் சின்னதாய் ஒரு முண்டு. முதுகெலும்பில் டி.பி. என்றார்கள். கீழே பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பத்து மாதம் மாவுக்கட்டுப் படுக்கையில் கிடந்தாள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வேறு. அப்பா கூடவே இருந்ததில் பேரேட்டில் அவர் பெயர் போயிற்று. அம்மா ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் லைன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் அதுதான் வைத்தியம்: படுக்கை, மாவுக்கட்டு. இல்லையென்றால் 1956இல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் எழுதிய பெரிய ஆபரேஷன். கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்து வேறு எலும்பை ஒட்டுவது.

ஆனால் படுக்கையே வேண்டாம் என்ற எண்ணத்துக்கு வித்து நம் சென்னையில் ஏற்கெனவே விழுந்திருந்தது. நுரையீரல் காசத்துக்கு, நெரிசலான ஏழை வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகும் என்று சேத்துப்பட்டு நிலையம் 1959இல் காட்டியது. முதுகெலும்புக்கும் அது பொருந்துமா? பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முதலில் கொரியாவில் பார்த்தது. படுக்கையும் பிளாஸ்டர் ஜாக்கெட்டும் கூடுதலாக ஒன்றும் தரவில்லை என்று 1973இல் அறிக்கை வந்தது. எழுபதுகளில் சென்னையிலும் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் ஆறு மாத மாத்திரையும். மற்ற இரண்டு பிரிவுகளுக்கு நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மாத்திரை மட்டும். 235 பேரைப் பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம்.

கூலி போகாமல் குணமாகலாம் என்பதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (மருந்துகளும் காலமும் இன்று கூடியிருக்கின்றன. கால் விளங்காமல் போனால் ஆபரேஷன் தேவைப்படலாம். நான் சரித்திரம் படித்தவன், டாக்டரைக் கேளுங்கள்.)

அந்த அறிக்கையில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பதினைந்து வயதுக்குக் கீழே, ஆரம்பத்திலேயே வளைவு 30 டிகிரிக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்குக் கூன் மேலும் கூடியது. அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அக்காவுக்கு நோய் போனபின்தான் கூன் வளர்ந்தது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம். "பைப்படியிலிருந்து குடம் தூக்க வெச்சேன், நான்தான் பிள்ளையைக் கூனாக்கிட்டேன்" என்று அம்மா புலம்புவாள். அக்கம்பக்கமும் ஆமாம் என்றது. நானும் ஒருமுறை கோபத்தில் அதையே சொல்லியிருக்கிறேன்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 61 குழந்தைகளைப் பதினைந்து வருடம் கவனித்து 2001இல் எழுதினார். நோய் ஆறியபின்னும், உடம்பு வளர்ந்து முடியும்வரை முதுகு மாறிக்கொண்டே இருக்கிறது. 39 சதவீதம் பேருக்குக் கூன் கூடியது. 44 சதவீதம் பேருக்குத் தானாகவே குறைந்தது. முள்ளெலும்பின் முன்பக்கத்தை நோய் தின்றுவிடுகிறது. பின்பக்கம் வளர, முன்பக்கம் அதற்கு ஈடாக வளர முடியாமல் நிற்கிறது. எலும்பு முன்னால் சாய்கிறது. யாருக்குக் கூடும் என்று முன்கூட்டியே சொல்ல எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்களையும் அவர் கொடுத்தார். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காலத்தே ஆபரேஷன் செய்து கூனைத் தடுக்கலாம்.

இதெல்லாம் வருவதற்குள் அம்மா போய்விட்டாள், 1994இல்.

போன மழைக்காலம் தேவாலா போயிருந்தபோது படம் வரைந்து அக்காவுக்கு விளக்கினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ குடம் இல்லையாடா?"

"இல்லக்கா."

"பாவம் அம்மா. அதுக்கப்புறம் அவதான் கடைசிவரை என் பங்கு தண்ணியையும் சேத்துச் சுமந்தா" என்றாள்.