கோணேசர் கோயிற் சான்றுகளைத் திரட்டல்: தம்பலகாமம் குறித்த ஓர் ஆய்வுக்குறிப்பு

தம்பலகாமத்து ஆதிகோணநாதர் கோயில் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் கையிலெடுப்பது கோணேசர் கல்வெட்டாகும். பெயர் கல்வெட்டெனினும் அது கல்லிற் பொறித்ததன்று. கவிராச வரோதயர் இயற்றியதெனப்படும், பாட்டும் உரைநடையும் விரவிய நூல். குளக்கோட்டன் திருப்பணி செய்ததும், கந்தளாய்க் குளங் கட்டியதும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோருக்குத் தொழும்பு வகுத்ததும், தனியுண்ணாப் பூபாலனை வன்னிபமாக அமர்த்தியதும் அதன்கண் ஒருங்கே கூறப்படுகின்றன. 1620களிற் போர்த்துக்கேயர் கோணமலைக் கோயிலை இடித்தழித்தனர். பின்னர்த் தம்பலகாமத்தில் வழிபாடு தொடர்ந்தபோது, யார் எப்பணிக்கு உரியர் என்னும் வினாவுக்கு இத்தகைய தொகுப்பே விடையளித்திருத்தல் வேண்டுமென நாம் கருதுகின்றோம்.

ஆயினும் அந்நூல் அனைத்தையும் குளக்கோட்டன் ஒருவன்மேல் ஏற்றிவிட்டது. கணினி நிரலாக்கம் பயில்வோர் தொடக்கத்தில் இழைக்கும் தவறொன்று இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. தரவுத்தளத்தை வினவிப் பெற்ற நிரைகள் பலவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாறியில் இடுவர். புதியது புகுந்தோறும் பழையது அழியும். முடிவிற் கடைசி நிரையே எஞ்சும். ஒவ்வொரு நிரையையும் அணியொன்றின் ஈற்றிற் சேர்த்துச் சென்றாலே யாவும் நிலைக்கும். நம் மரபும் பல நூற்றாண்டுச் செய்திகளை ஒரே பெயரில் இட்டு வந்துளது.

ஆதலின் எஞ்சிய சான்றுகளை அவ்வாறு அடுக்கிப் பார்த்தோம். சோழர் காலத்து நிலாவெளிச் சாசனம் கோணமாமலை மச்சகேஸ்வரத்துக்குரிய 250 வேலி நிலத்தைக் குறிக்கின்றது. முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பளமோட்டைச் சாசனமோ, நங்கைசானி என்னும் பிராமணப் பெண் இறந்த கணவன் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குச் செய்த கொடையை வேளைக்காரர் காவலில் வைக்கின்றது. அடுத்து வருவது 1223ஆம் ஆண்டுக்குரிய, சோடகங்கனைக் குறிக்கும் திருகோணமலை வடமொழிச் சாசனம். இச்சோடகங்கனே குளக்கோட்டன் என ஆய்வாளர் சிலர் கொள்வர். அங்ஙனமாயின், முன்னைய இரு சாசனங்களும் அவனுக்கு ஒரு நூற்றாண்டேனும் முற்பட்டவை. தம்பலகாமத்து வயல்களுக்கு நீரூட்டும் கந்தளாய்க் குளத்தையோ, 7ஆம் நூற்றாண்டிலாண்ட இரண்டாம் அக்கபோதிக்கு உரியதென்பர்.

கோணேசர் கல்வெட்டுக் கூறும் கலியுகம் 512 என்னும் ஆண்டை என் செய்வது? அதனைத் தள்ளிவிடுதல் எளிது, நாம் தள்ளவில்லை. 'நூல் கூறும் ஆண்டு' எனத் தனி நிரலொன்று வகுத்து, சாசன ஆண்டோடு கலவாது குறித்தோம். தொழும்பு பற்றிய செய்தியில் அந்நூலுக்கு நிகரான சான்று வேறில்லையென்பதும் அடுக்கிய பின்னரே நமக்குத் தெளிவாயிற்று. 1950இல் திருகோணமலையில் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளும், தம்பலகாமத்து முதியோர் வாய்மொழியும் இவ்வணியில் இனிச் சேர்தற்குரியன.