சாவிக்கொத்து யார் இடுப்பில்?

நிலவு அளவுக்கு ஓர் இரும்புக் கோளம்; பெயர் டெத் ஸ்டார். அதிலிருந்து ஒரு பச்சைக் கதிர் பாய்கிறது. ஆல்டெரான் என்ற கிரகம் தூள்தூளாகிறது. 'ஸ்டார் வார்ஸ்' பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சுடச் சொன்னது யார் என்று கேட்டால், டார்த் வேடர் என்று பலர் சொல்லக்கூடும். இல்லை. கருப்பு முகமூடிக்காரர் பக்கத்தில்தான் நிற்கிறார். ஆணையிடுபவர் டார்கின் என்ற ஆளுநர். 1977-இல் வந்த அந்த முதல் படத்தில் பேரரசர் திரையிலேயே தோன்றுவதில்லை. பேரரசின் மிகப் பெரிய ஆயுதத்துக்கான சாவியை யாரை நம்பிக் கொடுப்பது? இந்தக் கேள்வி விண்வெளிக்குப் போவதற்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே கான்ஸ்டான்டிநோபிளில் எழுந்துவிட்டது.

சுமார் 672-இல் கல்லினிகோஸ் என்ற கட்டடக் கலைஞர் சிரியாவிலிருந்து அகதியாக அந்நகருக்கு வந்துசேர்ந்தார். அவர் கொண்டுவந்தது கிரேக்க நெருப்பு. குழாய் வழியே பீறிட்டு, கடல்நீரின் மேலும் அணையாமல் எரியும் திரவம். முற்றுகையிட்ட அரபுக் கப்பல்கள் அதில் கருகின. ஓர் அகதி கையோடு கொண்டுவந்தது ஒரு பேரரசையே காப்பாற்றியது. அடுத்த கவலை, இன்னோர் அகதி அதை வெளியே எடுத்துப்போய்விடக் கூடாதே என்பது.

பத்தாம் நூற்றாண்டில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகன் ரோமனோஸுக்கு எழுதிவைத்த அறிவுரை நூலில் அந்தக் கவலை தெரிகிறது. வெளிநாட்டார் எவ்வளவு கெஞ்சினாலும் மணிமுடியைத் தராதே, அரச குலத்தில் பெண் கொடுக்காதே, நெருப்பைத் தரவே தராதே என்கிறார். மறுப்பதற்குக் காரணமும் சொல்லித்தருகிறார்: இதை எங்களுக்கு அருளியது ஒரு தேவதூதர், பிறருக்குத் தரக் கூடாது என்பது ஆணை. கூடவே ஒரு கதை: லஞ்சம் வாங்கி இந்த நெருப்பை வெளியாருக்குக் கொடுத்த தளபதி ஒருவன் தேவாலயத்துக்குள் நுழையும்போது, வானிலிருந்து நெருப்பு இறங்கி அவனை எரித்ததாம். எதிரியைவிடச் சொந்தத் தளபதியைப் பற்றிய அச்சமே அந்தக் கதையில் அதிகம்.

காப்பியடிக்க வாய்ப்பு கிடைத்தவர்களும் உண்டு. 812-இல் கருங்கடல் கரையில் மெசெம்ப்ரியாவைப் பிடித்த பல்கேரியர்களிடம் 36 வெண்கலக் குழாய்களும் நெருப்புத் திரவமும் சிக்கின. ஆனால் அவர்கள் அதைப் பயன்படுத்தியதாகப் பதிவே இல்லை. இவ்வளவு கட்டிக்காத்த ரகசியம் காலப்போக்கில் எல்லோருக்குமே தொலைந்துபோனது. சரியான கலவை இன்று யாருக்கும் தெரியாது.

தளபதியைப் பற்றிய அந்த அச்சத்தின் அடுத்த தாவல் நியூயார்க்கின் சுரங்க ரயிலுக்குள். 1941 ஆகஸ்ட் 1 அன்று, இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த இளம் ஐசக் அசிமோவிடம் சொல்வதற்குக் கதை இல்லை. கையிலிருந்த இசை நாடகத் தொகுப்பைக் குத்துமதிப்பாகத் திறந்தார். தேவதைகளின் ராணி ஒரு காவல் சிப்பாய் முன் மண்டியிடும் படம். சிப்பாயிலிருந்து படைகள், படைகளிலிருந்து ரோமப் பேரரசு, அங்கிருந்து விண்மீன் பேரரசு என்று மனம் ஓடியது. இப்படிப் பிறந்ததுதான் 'ஃபவுண்டேஷன்' வரிசை. 1945 ஏப்ரலில் வெளியான அதன் ஒரு கதையில், பேரரசின் திறமையான தளபதி பெல் ரியோஸ் கூடுதல் கப்பல்கள் கேட்கிறான். பேரரசருக்குச் சந்தேகம் வருகிறது. வெற்றியின் விளிம்பில் கைதாகிறான். அவனுக்கு முன்மாதிரி, ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியை மீட்டுத் தந்தும் ஜஸ்டினியன் பேரரசரின் ஐயத்துக்கு ஆளான தளபதி பெலிசாரியஸ்.

அதே ஏப்ரலில்தான் ஹாரி ட்ரூமன் அமெரிக்க அதிபரானார். அணுகுண்டுத் திட்டத்தைப் பற்றி முழுமையாகக் கேட்டறிந்ததும் அதற்குப் பிறகுதான். ஜூலை 25-ஆம் தேதி தளபதி ஸ்பாட்ஸுக்குப் போன ஆணையைப் படித்தால் திக்கென்றிருக்கும். முதல் குண்டைப் போட ஒரு தேதி, அடுத்தடுத்த குண்டுகளைத் தயாரானவுடன் போடலாம். இரண்டாவது குண்டுக்குத் தனியாக அதிபரைக் கேட்க வேண்டியதில்லை. நாகசாகி அந்த ஏற்பாட்டில் எரிந்தது. மறுநாள், ஆகஸ்ட் 10 அன்று, அடுத்த குண்டு தயாராகிறது என்று குறிப்பு வந்தபோது, அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அதைப் போடக் கூடாது என்று தளபதி மார்ஷல் அதன் மேலேயே கையால் எழுதினார். சாவி கைமாறிய நாள் அது. என் பார்வையில், குண்டு வெடித்த நாள்களுக்கு இணையாக நாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய நாள்.

பூட்டு என்பதே பிறகுதான் வந்தது. 1960 டிசம்பரில் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்க நாடாளுமன்றக் குழுவினர், குண்டு பொருத்திய நேச நாட்டு விமானங்களை ஒற்றை அமெரிக்கக் காவலாளி துப்பாக்கியோடு காத்து நிற்பதைக் கண்டு அதிர்ந்தார்கள். 1962 ஜூனில் அந்த ஆயுதங்களுக்கு ரகசிய எண் பூட்டுகள் போடக் கென்னடி உத்தரவிட்டார். 1964-இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் ஒரு தளபதி அதிபரைக் கேட்காமலே விமானங்களை ஏவுகிறார்; திரும்ப அழைக்கும் எழுத்துகளை அவர் மட்டுமே அறிவார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர். குண்டுவீச்சு விமானத்தில் ஒரு சின்ன வேடத்தில் நடித்த புதுமுகம் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அதே டெய்லர். டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தவர் அதே ஜோன்ஸ்.

'ஸ்டார் வார்ஸ்' படத்தில் செனட் கலைக்கப்படுகிறது. மாகாணங்களை நேரடியாக ஆளுநர்களே ஆள்வார்கள், அச்சமே அவர்களுக்குத் துணை. ஜஸ்டினியன் கனவிலும் செய்யாத காரியம் இது: தளபதிக்குக் கப்பல் தரத் தயங்கும் இடத்தில், ஆளுநருக்கு உலகையே அழிக்கும் கோளத்தைத் தருவது. டார்கின் அதோடு அழிந்த பிறகு, 1983-இல் வந்த படத்தில் இரண்டாவது டெத் ஸ்டாருக்குப் பேரரசர் தாமே வந்து அமர்கிறார்.

2016-இல் வெளியான 'ரோக் ஒன்' 1977 படத்துக்கு முந்தைய கதை. ஆயுதத்தைக் கட்டி முடித்த கிரென்னிக்கிடமிருந்து, சோதனை வெற்றி பெற்ற கையோடு டார்கின் அதைப் பறித்துக்கொள்கிறார். கிரென்னிக் வேடரிடம் முறையிட்டும் பலனில்லை. கடைசியில், தான் கட்டிய அந்த ஆயுதம் சுட்டே அவர் சாகிறார். ஆணையிட்டவர் டார்கின்.