கந்தீசா (இசைத் தொகுப்பு)

கந்தீசா என்பது தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் என்னும் ராக் இசைக்குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத் தொகுப்பு ஆகும். இதில் ஏழு உருப்படிகள் உள்ளன. டைம்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்டது. திரைப்படத்தின் துணையின்றி ஓர் இந்தியக் குழு தன் பாடல்களாலேயே நாடெங்கும் அறியப்பட முடியும் என்று காட்டிய தொகுப்புகளுள் இது முக்கியமானது. மக்கள் வாய்மொழியாகக் காத்துவந்த பாடல்கள் ராக் மேடைக்கு வந்ததற்கும் இது நல்ல சான்று.

குழுவின் வரலாறு

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அசீம் சக்கரவர்த்தியும் 1980-களில் சேர்ந்து இசைக்கத் தொடங்கினர். 1990-இல் குழு இந்தியன் ஓஷன் என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டு ராகுல் ராம் பேஸ் கிதார் வாசிக்கவும் பாடவும் வந்தார். 1994-இல் அமித் கிலம் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தார். வங்காளத்து பாவுல் பாடகர்கள் கையாளும் கப்குபி என்ற ஒற்றைத் தந்தி நாட்டுப்புறக் கருவியையும் அவர் ராக் இசைக்குள் கொண்டுவந்தார்.

முதல் தொகுப்பு 1993-இல் எச்.எம்.வி. நிறுவனம் வழியாக வந்தது. வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மியின் நினைவாக 1997 சனவரி 1 அன்று தில்லியில் நடந்த நிகழ்ச்சியில் குழு நேரடியாக வாசித்தது. அதன் பதிவே ‘டெசர்ட் ரெய்ன்’ தொகுப்பாயிற்று. அதற்குப் பின் வந்தது கந்தீசா.

பாடல்கள்

தொகுப்பின் பெயரே ஒரு வழிபாட்டுச் சொல். சுரியானி மொழியில் அதற்குப் ‘புனிதம்’ என்று பொருள். இயேசு பேசியதாகக் கருதப்படும் அரமேயத்தின் ஒரு கிளை சுரியானி. கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்களின் வழிபாட்டில் பல நூற்றாண்டுகளாக இம்மொழி ஒலித்து வந்தது. சீரோ மலபார் திருச்சபையில் 1962-இல் மலையாள வழிபாடு தொடங்கியபின் அதன் புழக்கம் குறைந்தது. பொருள் முழுவதும் தெரியாதவர்களும் காதால் கேட்டு, வாயால் பாடிக் காத்த மொழி அது. அத்தகைய வழிபாட்டுப் பாடலொன்றை கிதாரும் டிரம்சும் சேர்த்து, அதன் பக்தி கெடாமல் இக்குழு பாடியது.

‘ஹில்லே ரே’ என்னும் பாடல், உழைக்கும் மக்களுக்காக எழுதிய வடநாட்டுக் கவிஞர் கோரக் பாண்டேயின் ஆக்கத்திலிருந்து பிறந்தது. ‘கஜுராஹோ’, ‘லீவிங் ஹோம்’ ஆகியவற்றில் வாத்திய இசையே மேலோங்கும். ‘கியா மாலூம்’, ‘கௌன்’ என்பவை மற்ற இரு பாடல்கள்.

மா ரேவா

ரேவா என்பது நருமதை ஆற்றின் மறுபெயர். ஆற்றைத் தாயாக விளிக்கும் ‘மா ரேவா’ நருமதைக் கரை மக்களின் பாடல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்ற ராகுல் ராம், நாடு திரும்பியபின் நருமதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றினார். அந்தத் தொடர்பின் வழியாகவே பாடல் குழுவை அடைந்தது.

தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டில், 2000 அக்டோபர் 18 அன்று, சர்தார் சரோவர் அணையின் பணியைத் தொடர உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அனுமதித்தது. 2017-இல் 138.68 மீட்டர் உயரத்துடன் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீர் உயர உயரக் கரையோர ஊர்கள் பல மூழ்கின. ஆற்றங்கரையின் பாட்டு நாடு முழுவதும் பரவிய காலமும், அதைப் பாடிய கரைகள் நீருக்குள் சென்ற காலமும் ஒன்றே. இப்பாடலைக் கேட்பவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்து அறிந்துகொள்வது நல்லது.

வரவேற்பு

அக்காலத்தில் திரையிசைக்கு வெளியே புகழ்பெற்றவை பெரும்பாலும் தொலைக்காட்சிக்கெனப் படமாக்கப்பட்ட குறும்பாடல்களே. கந்தீசாவின் பாடல்களோ நீளமானவை. நடனக் காட்சிக்கு ஏற்றவையும் அல்ல. இருந்தும் கல்லூரி விழா மேடைகள் வழியாகவும், நண்பர்கள் கைமாற்றிக்கொண்ட ஒலிநாடா, குறுந்தகடு வழியாகவும் அவை பரவின. இந்தியும் சுரியானியும் அறியாத மாணவர்களும் உடன் பாடினர். தலைப்புப் பாடல் குழுவின் அடையாளமாகவே ஆயிற்று.

2003-இல் ‘ஜீனி’ வந்தது. ‘பிளாக் பிரைடே’ திரைப்படத்துக்கு அமைத்த இசையில் ‘பந்தே’ பாடல் மேலும் புகழ் சேர்த்தது. திரையுலகம் குழுவை நாடியது கந்தீசாவுக்குப் பின்னர்தான்.

பிற்காலம்

அசீம் சக்கரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் குரல் பதிவாகியிருந்த அடுத்த தொகுப்பைக் குழு எந்த நிறுவனத்திடமும் கொடுக்கவில்லை. தில்லி கரோல் பாக்கில் தாங்கள் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியான ‘16/330 கஜூர் ரோடு’ என்பதையே பெயராக வைத்து, 2010 முதல் மாதம் ஒரு பாடலாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. சுஷ்மித் சென் 2013-இல் விலகினார். 2014-இல் வந்த ‘தண்டனு’ தொகுப்பில் வயலின் கலைஞர் குமரேஷ், கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ் ஆகியோரும் பங்கேற்றனர்.

தமிழ்ச் சூழலில் ஓர் ஒப்பீடு

வழிபடுவோர் பாட்டு மேடைக்கு வருவது தமிழருக்குப் புதிதன்று. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், காவடி தூக்கிக் கழுகுமலைக்கு நடந்தவர்களின் மெட்டில் காவடிச்சிந்து பாடினார். நடைவழிப் பாட்டு பின்னர் கச்சேரி மேடையிலும் இடம்பெற்றது. முதலில் அதைக் காத்தவை நடந்தவர்களின் கால்களும் வாய்களுமே. கந்தீசாவின் வரலாறும் அதையே சொல்கிறது: ஒலிப்பதிவுக்கு முன்பே அப்பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மக்கள் இருந்தார்கள். தொகுப்பின் புகழில் அவர்களுக்கும் பங்கு உண்டு.